பல்லை மாற்றுமுன் வளையத்தைத் திருப்புங்கள்!

கலைக் கல்லூரி ஆண்டு மலரில் கவிதை இருக்கலாம், சிறுகதை இருக்கலாம், வரலாற்றுத் துறையின் கல்விச் சுற்றுலாக் கட்டுரை இருக்கலாம். மோட்டார் சைக்கிளின் செயினுக்கும் ஸ்பிரிங்குக்கும் இங்கே என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். காலை ஒன்பதரை மணிக்கு நம் கல்லூரி வாயிலில் சற்றே நின்று பார்த்தால் விடை தானே வந்து சேரும். ராசிபுரத்திலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் மோகனூரிலிருந்தும் பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்தவர்களின் தம்பிமார்கள் இன்று வண்டியில் வருகிறார்கள். அந்த வண்டியும் மாணவனுக்கென்று வாங்கியது அன்று. விடியற்காலையில் அப்பா அதில் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறார். பகலில் அது கல்லூரிக்கு வருகிறது. மாலையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு சந்தைக்கோ மருத்துவமனைக்கோ செல்கிறது. வண்டி ஒன்றுதான்; அதன்மேல் ஏறும் பாரமோ வேளைக்கு ஒன்று.

இத்தனை விதமான பாரத்துக்கும் அந்த வண்டி ஒரே நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதே என் குறை. நம் கல்லூரி வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டிகளைக் குனிந்து பாருங்கள். பின்சக்கரத்துக்கு இருபுறமும் உள்ள ஷாக் அப்சார்பர்களின் அடியில் படிக்கட்டுப் போல வெட்டிய ஒரு வளையம் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் அதற்கு ஐந்து படிகள் உண்டு. வண்டி கடையை விட்டு வெளியே வந்த நாளில் எந்தப் படியில் இருந்ததோ, நான் பார்த்தவரையில் பலவும் அதே படியில்தான் இருக்கின்றன. படிகளுக்கிடையே சேறு காய்ந்து சிமெண்டு போல் இறுகிக் கிடக்கிறது. ஆனால் அதே வண்டிகளில் சிலவற்றின் செயின் கவரைத் திறந்து பார்த்தால், கம்பெனி போட்ட முன்பல்சக்கரத்துக்குப் பதிலாக வேறொன்று பளபளக்கிறது! காசு கொடுத்தால் கிடைக்கும் மாற்றத்தை விரைந்து செய்துகொள்கிறோம். காசில்லாமல் கையிலேயே இருக்கும் மாற்றத்தைத் தொட்டும் பார்ப்பதில்லை. முன்னது ஓட்டுகிறவனின் ஆசைக்கானது; பின்னது பின்னால் அமர்பவரின் முதுகெலும்புக்கானது. இந்த வேறுபாட்டை நினைக்கும்போதுதான், இது வெறும் மெக்கானிக் விஷயம் அன்று, நம் நடத்தையைப் பற்றிய விஷயமும்கூட என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் பல்சக்கரத்தைப் பற்றியே பேசிவிடுவோம். நண்பர்கள் அதைத்தான் ஆவலோடு எதிர்பார்ப்பார்கள்.

இஞ்சினின் சுழற்சி பின்சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று இடங்களில் குறைக்கப்படுகிறது. இஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையே ஒருமுறை. கியர்ப் பெட்டியில் ஒருமுறை. செயின் ஓடும் முன்பல், பின்பல் சக்கரங்களில் ஒருமுறை. முதல் இரண்டும் இஞ்சினுக்குள் பூட்டிக் கிடப்பவை. வெளியே இருப்பது மூன்றாவது ஒன்றுதான். எனவே அதில்தான் எல்லோர் கையும் போகிறது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று, விகிதம் 3. முன்னால் ஒரு பல்லைக் குறைத்து 13 ஆக்கினால் விகிதம் 3.23 ஆகிறது. ஒரு பல்லைக் கூட்டி 15 ஆக்கினால் 2.8 ஆகிறது. முன்னால் ஒரு பல் என்பது பின்னால் ஏறத்தாழ மூன்று பல்லுக்குச் சமம். 42-ஐ 45 ஆக்கினாலும் விகிதம் 3.21 தான் வரும். சிறிய சக்கரத்தில் செய்யும் சிறிய மாற்றம் பெரிய விளைவைத் தருகிறது என்பதற்கு இதைவிட எளிய கணக்கு இல்லை. வணிகவியல் மாணவன் இதைப் போட மாட்டானா? தமிழ் இலக்கிய மாணவிக்கு இது வராதா?

இந்தக் கணக்கு சாலையில் என்ன செய்கிறது? பதினெட்டு அங்குலச் சக்கரத்தில் 2.75 அளவு டயர் போட்ட 100 சி.சி. வண்டி ஒரு சுற்றில் 1.88 மீட்டர் போன்று நகரும். மணிக்கு 50 கிலோமீட்டரில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 440 முறை சுழல வேண்டும். டாப் கியரில் மொத்த விகிதம் 10 என்று கொண்டால் இஞ்சின் நிமிடத்துக்கு 4,400 சுற்று ஓடுகிறது. முன்னால் 13 பல் போட்டால் அதே வேகத்துக்கு 4,750 சுற்று. 15 பல் போட்டால் 4,100 சுற்று. இதில் இஞ்சினின் வலிமை ஒரு துளியும் கூடவில்லை, குறையவும் இல்லை. சுமார் 8 குதிரைத்திறன் தரும் இஞ்சின் அதைத்தான் தரும். அந்தத் திறனை வேகமாகச் செலவழிப்பதா, இழுவையாகச் செலவழிப்பதா என்பதை மட்டுமே பல் தீர்மானிக்கிறது. ‘பல்லை மாற்றியதும் வண்டி பவர் ஏறிவிட்டது’ என்று சொல்லும் நண்பர் நூறு ரூபாய் நோட்டைச் சில்லறையாக மாற்றிவிட்டுப் பணம் பெருகியதாக மகிழ்கிறார்.

பல் கூட்டினால் மைலேஜ் கூடும், உச்ச வேகமும் கூடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. பாதி உண்மை. நான்கு வழிச் சாலையில் கரூர்ப் பக்கமோ சேலத்துப் பக்கமோ தனியாளாக, சீரான வேகத்தில் ஓட்டுபவருக்கு 15 பல் உதவக்கூடும். இஞ்சின் அமைதியாகும், எரிபொருளும் சிறிது மிஞ்சும். ஆனால் உச்ச வேகத்தில் எதிர்நிற்பது காற்று. காற்றைத் தள்ளும் அளவுக்கு இஞ்சினில் திறன் இல்லாவிட்டால் பல்லைக் கூட்டக் கூட்ட டாப் கியர் பயனற்றுப் போகும். முன்பு டாப்பில் போன வேகத்தை மூன்றாவது கியரில் திணறிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஊருக்குள் வேகத்தடைக்கு வேகத்தடை கிளட்சைப் பிடித்து விடுபவருக்கோ மிச்சமான பெட்ரோலைவிடத் தேய்ந்த கிளட்சின் விலை அதிகமாகிவிடும்.

சரி, மலைக்கு? கொல்லிமலைக்குப் போகாத நாமக்கல் மாணவன் உண்டா? காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இருவராகப் போகும்போது வண்டி திணறுவதைக் கண்டுதான் பலருக்கும் ‘ஒரு பல் குறை’ என்ற ஞானோதயம் பிறக்கிறது. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 65, பின்னால் இருப்பவர் 60. மொத்தம் 235 கிலோ. பத்து அடிக்கு ஓரடி உயரும் சரிவில் இந்த எடை வண்டியைப் பின்னோக்கி இழுப்பது 23.5 கிலோ. பின்னால் ஆள் இல்லாவிட்டால் 17.5 கிலோ மட்டுமே. ஆக, ஒருவர் ஏறியதால் கூடியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு பல் குறைத்ததால் கிடைக்கும் கூடுதல் இழுவையோ நூற்றுக்கு எட்டுக்கும் குறைவு! நான்கு கியர் கொண்ட பல 100 சி.சி. வண்டிகளில் மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு இறங்கினாலே மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இழுவை கூடிவிடும். காலடியிலேயே அத்தனை பெரிய பல்சக்கர மாற்றத்தைக் கம்பெனி வைத்துக் கொடுத்திருக்க, அதைப் பயன்படுத்தக் கூச்சப்பட்டுக் கடையில் போய் ஒரு பல்லுக்குக் காசு கொடுப்பானேன்? கியர் இறக்குவதை அவமானம் போலக் கருதும் ஓட்டுநர்களைப் பார்த்திருக்கிறேன். இஞ்சின் ‘டொக் டொக்’ என்று இடித்து அழும், அவர் அசையமாட்டார்.

பல்லை மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. மலையிலேயே குடியிருந்து, நாள்தோறும் பாரத்தோடு ஏறி இறங்குபவருக்கு, முதல் கியரிலும் கிளட்சை நழுவவிட்டுத்தான் வளைவைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்றால், அவர் ஒரு பல் குறைப்பது நியாயம். முதல் கியருக்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லையே! வேகத்தை விட்டுக்கொடுத்துப் பாரத்தை எடுத்துக்கொள்வது இழிவும் அன்று. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 இந்தப் பேரத்தைத்தான் செய்தது. அந்த வழியில் வந்த வண்டிகள் இன்றும் தேங்காய் மூட்டையையும் இளநீர்க் குலையையும் சுமப்பதை நாம் எந்தச் சந்தையிலும் பார்க்கலாம். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை மலைக்குப் போகிறவன் மீதி இருபத்தொன்பது நாளும் இஞ்சினைக் கூடுதலாகச் சுழலவிட்டு என்ன காண்கிறான்?

மாற்றித்தான் தீர வேண்டுமென்றால் அதன் கூலிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்சக்கரம் சிறுத்தால் செயின் கூர்மையாக வளைய வேண்டும், தேய்மானம் கூடும். சில வண்டிகளில் செயின் ஸ்விங் ஆர்மின் மேலுள்ள ரப்பரை உரசும். பின்சக்கர அச்சு முன்னோ பின்னோ நகரும். சில நேரம் செயினில் கண்ணி கூட்டவோ குறைக்கவோ நேரும். பழைய செயினைப் புதுப் பல்லின்மேல் ஓட்டினால் புதுப் பல்லும் விரைவில் பழையதாகிவிடும். வேகமானியை முன்சக்கரத்திலிருந்து கம்பி மூலம் ஓட்டும் வண்டிகளில் அது சரியாகவே காட்டும். கியர்ப் பெட்டியின் வெளித்தண்டிலிருந்து அளவெடுக்கும் வண்டிகளில் பொய் சொல்லத் தொடங்கும். முன்பல்லைக் குறைத்தவர் உண்மையில் போவதைவிட அதிக வேகத்தை முள் காட்ட, அவரும் மகிழ்ந்து போவார்.

இனி, வளையத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வந்ததே பிந்தித்தான். 1949-இல் புல்லட் வண்டி இங்கிலாந்தில் ஸ்விங் ஆர்மோடு வெளிவந்த காலத்தில், பின்னால் ஸ்பிரிங்கே இல்லாமல் சட்டத்தோடு இறுக்கிய வண்டிகள் ஏராளமாக ஓடிக்கொண்டிருந்தன. உட்காருமிடத்துக்குக் கீழே மட்டும் இரண்டு சுருள் ஸ்பிரிங். பின்னால் இருப்பவர் பாடு திண்டாட்டம். 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கிய அந்த வண்டியின் வழியாகப் பின் ஷாக் அப்சார்பர் நம்மூர்ச் சாலைகளில் பழகிப்போயிற்று. இத்தனை ஆண்டு பழகியும், அது எப்படி வேலை செய்கிறது என்பதில் மட்டும் ஒரு பெரிய தவறு பரவிக் கிடக்கிறது. வளையத்தை மேற்படிக்குத் திருப்பினால் ஸ்பிரிங் ‘டைட்’ ஆகிவிடும் என்று பட்டறையிலும் சொல்கிறார்கள், வகுப்பிலும் சொல்கிறார்கள்.

ஸ்பிரிங் அதேதான். ஒரே சீரான சுருள் ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 3 கிலோ வேண்டுமென்றால், முதல் படியிலும் 3 கிலோதான், ஐந்தாம் படியிலும் 3 கிலோதான். வளையம் செய்வது வேறு. ஸ்பிரிங்கை முன்கூட்டியே சிறிது அமுக்கி வைக்கிறது. அதனால், பாரம் ஏறிய பிறகு வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மாறுகிறது. இதே கணக்கில் 60 கிலோ உள்ள அம்மா பின்னால் அமர்ந்தால், அவர் எடை ஏறத்தாழ முழுவதும் பின்சக்கரத்தின்மேல் விழுவதால், பின்பக்கம் 20 மில்லிமீட்டர் இறங்கும். சக்கரம் மேலெழுந்து வர மொத்தம் 80 மில்லிமீட்டர்தான் இடமுண்டு என்று வைத்துக்கொண்டால், ஓட்டுபவரின் எடைக்கு ஒரு பங்கும் அம்மாவின் எடைக்கு ஒரு பங்கும் போய், குழிக்கென்று மிஞ்சுவது எவ்வளவு? அந்த மிச்சமும் தீர்ந்தபின் ரப்பர் கட்டையில் ‘டம்’ என்று இடிக்கும். முன்னால் இருப்பவன் கால்களை ஊன்றிச் சற்றே எழுந்துகொள்வான். பின்னால் ஒருபக்கமாகக் கால் போட்டு அமர்ந்திருப்பவருக்கு அந்த வசதி ஏது? குழி வருவதே அவருக்குத் தெரியாதே! வீட்டுக்கு வந்து ‘இடுப்பு வலிக்குது’ என்பார். நாம் சாலையைத் திட்டுவோம். சாலை திட்டத் தகுந்ததுதான். என்றாலும் பழி முழுவதும் அதற்கே உரியதன்று.

இறங்கிய பின்பக்கம் இன்னொரு கேட்டையும் செய்கிறது. அதைப் பெரும்பாலோர் நினைத்தே பார்ப்பதில்லை. சக்கரத்துக்குச் சக்கரம் சுமார் 1,230 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வண்டியில் பின்பக்கம் 20 மில்லிமீட்டர் இறங்கினால் வண்டி முழுவதும் ஏறத்தாழ ஒரு பாகை பின்னால் சாய்கிறது. ஹெட்லைட்டும் அதே அளவு அண்ணாந்து பார்க்கிறது. 25 மீட்டர் தொலைவில் அதன் ஒளி 40 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும்! சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. ‘டிம் பண்ணுய்யா’ என்று எதிரே வருபவர் கத்துவார். நாம் டிம்மில்தான் போய்க்கொண்டிருப்போம். முன்சக்கரத்தின்மேல் பாரம் குறைந்து கைப்பிடி லேசாகி அலைவதும் இதனால்தான். ஆளை ஏற்றுமுன் வளையத்தை இரண்டு படி உயர்த்தினால் இவை முற்றிலும் தீர்ந்துவிடா. ஆனால் பெருமளவு குறையும். செலவு? இரண்டு நிமிடம். கருவி? வண்டியோடு வந்த, நாம் எங்கோ தொலைத்துவிட்ட அந்தக் கொக்கி ஸ்பேனர்.

இவ்வூரில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியிருப்பதே வேடிக்கை. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். என்ன பாரம், எந்தச் சாலை என்று கேட்டு லாரிக்கு ஸ்பிரிங் பட்டை கூட்டுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். லாரியில் ஏறும் வெங்காயத்துக்கு உள்ள மரியாதை நம் வண்டியில் ஏறும் தாய்க்கு இல்லாமல் போயிற்று.

எந்தப் படி சரி என்று எப்படி அறிவது? இதற்கு இயந்திரம் ஏதும் வேண்டியதில்லை. ஓர் இஞ்சு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, சக்கர அச்சின் நடுவிலிருந்து நேர்மேலே சீட்டுக்கு அடியில் ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்து, வழக்கமாக ஓட்டுபவர் வழக்கமான நிலையில் அமர, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வேறுபாடே இறக்கம். சக்கரத்துக்கு உள்ள மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் நன்று. அதற்கும் கூடினால் வளையத்தை ஏற்ற வேண்டும். குறைந்தால் இறக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஷாக் அப்சார்பரின் உள் உராய்வால், வண்டியை அமுக்கி மெல்ல விட்டால் ஓர் அளவும், தூக்கி மெல்ல விட்டால் வேறோர் அளவும் வரும். இரண்டையும் எடுத்துச் சராசரி காண வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஊசல் பரிசோதனைக்குப் பலமுறை அளந்து சராசரி எடுக்கிறோம். மரத்தடியில் நிற்கும் வண்டிக்கும் அதே முறைதான். பின்னால் ஆளை அமர்த்தியும் ஒருமுறை அளந்து, எந்தப் படியில் எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால் பிறகு யோசிக்கவே வேண்டாம். இரண்டு பக்க வளையமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

வளையத்தைத் திருப்பியும் வண்டி பள்ளம் தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடுகிறது என்றால் குறை ஸ்பிரிங்கில் இல்லை. உள்ளே உள்ள ஆயிலில். அமுங்கிய ஸ்பிரிங் தாவி எழாமல் தடுப்பது அந்த ஆயில் சிறு துளைகளின் வழியே நெருக்கிப் போகும்போது எழும் தடைதான். அது கசிந்துவிட்டால் வளையத்தை எத்தனை படி ஏற்றினாலும் பயனில்லை. சாதாரண வண்டிகளின் பின் ஷாக் அப்சார்பரைப் பிரித்துச் சரிசெய்வது அரிது; ஜோடியாக மாற்றுவதே முறை. முன் ஃபோர்க்கில் நிலைமை வேறு. அங்கே ஆயிலை மாற்றலாம், மாற்றவும் வேண்டும். ஆனால் நம்மில் பலரும் ஆயில் சீல் உடைந்து ஃபோர்க் வழியே ஒழுகும்வரை அதை நினைப்பதே இல்லை. ஒழுகியபின், கைக்கு எட்டிய இஞ்சின் ஆயிலை ஊற்றிவிடுவாரும் உளர். கம்பெனி சொன்னதைவிடக் கெட்டியான ஆயில் நல்லது என்று தோன்றும். கைப்பிடியை அமுக்கிப் பார்த்தால் ‘கிண்’ணென்று இருக்கும். நெடுஞ்சாலையில் வரிசையாகப் போட்டிருக்கும் சிறு வேகத்தடைக் கோடுகளின்மேல் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். முதல் கோட்டில் அமுங்கிய ஃபோர்க் எழுவதற்குள் இரண்டாவது கோடு வந்துவிடும். அதற்குள் எழாமல் மூன்றாவது. படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் ஸ்பிரிங்கே இல்லாத வண்டி போல் கை எரியும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கேடுதான். உள்ளே காற்றுக்கு உள்ள இடம் குறைந்து சீலைத் தள்ளிவிடும். கையேட்டில் ஒவ்வொரு காலுக்கும் இத்தனை மில்லி என்று அச்சிட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்த நாம் அதைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் பத்திரப்படுத்துகிறோம்.

ஸ்பிரிங்குக்கும் செயினுக்கும் உள்ள உறவையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் தனித்தனி விஷயமாக நினைப்பதால்தான் பல வண்டிகள் கெடுகின்றன. ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சு, முன்பல்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்கிறது. ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது செயினின் இறுக்கமும் மாறுகிறது. முன்பல்லின் நடு, ஸ்விங் ஆர்மின் அச்சு, பின்சக்கர அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது செயின் மிக அதிகமாக இறுகும். ஆளில்லாமல் நிற்கும் வண்டியில் செயினை வீணைத் தந்தி போல் முறுக்கி வைத்தால், இருவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கும் கணத்தில் அது கியர்ப் பெட்டியின் பேரிங்கையே இழுக்கும். தொய்வு ‘அசிங்கமாக’ இருக்கிறதென்று இறுக்கச் சொல்லும் நண்பர்களுக்கு: அந்தத் தொய்வு வேண்டுமென்றே விடப்பட்டது. பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை என்று கையேடு கூறும். எந்த ஸ்டாண்டில் நிறுத்தி அளக்க வேண்டும் என்பதையும் அதுவே கூறும்.

இப்போது ஒரு புதுமோகம். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்துவதற்காக நீளமான ஷாக் அப்சார்பரை வாங்கி மாட்டுகிறார்கள். அல்லது இருப்பதற்கு அடியில் இரும்புத் துண்டு வைத்து உயர்த்துகிறார்கள். வண்டி பாயும் புலி போல் தோன்றுமாம். தோற்றம் எப்படியோ, முன் ஃபோர்க் நிமிர்ந்து கைப்பிடி அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாகிவிடும், வேகத்தில் நடுங்கும். சைடு ஸ்டாண்டு எட்டாமல் வண்டி ஸ்டாண்டு உள்ள பக்கமே அளவுக்கு மீறிச் சரியும். பின்சீட்டில் ஏறவேண்டிய பெரியவர் ஏணி கேட்பார்! பக்கவாட்டில் ‘கேஸ்’ என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருப்பதாலேயே அந்த ஸ்பிரிங் நம் பாரத்துக்குப் பொருந்திவிடாது.

‘கம்பெனி செட்டிங்கைத் தொடாதீங்க தம்பி’ என்று மெக்கானிக் அண்ணன்மார் சொல்வதை நான் மதிக்கிறேன். கண்டபடி திருகிவிட்டு வந்து நிற்கும் வண்டிகளைச் சரிசெய்து சலித்தவர்கள் அவர்கள். ஆனால் ஐந்து படி வைத்ததும் கம்பெனிதானே? திருப்பக் கூடாதென்றால் ஒரே படியோடு நிறுத்தியிருப்பார்களே! பல்சக்கரத்தைக் கம்பெனி ஒன்றுதான் கொடுத்தது. வளையத்தில் ஐந்து கொடுத்தது. எதை நம் விருப்பத்துக்கு விட்டார்கள் என்பது அதிலேயே விளங்கவில்லையா? மூவர் ஏறிக்கொண்டு ஐந்தாம் படிக்கும் மேல் என்ன உண்டு என்று கேட்பவர்களுக்கு மட்டும் என்னிடம் விடையில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஏறக்கூடாது என்கிறது. ஸ்பிரிங்கும் அதே கருத்தில்தான் இருக்கிறது.

பெண்கள் ஓட்டும் ஸ்கூட்டரில் பல்சக்கரமும் இல்லை, செயினும் இல்லை. ஆயினும் அவற்றில் சிலவற்றின் பின் ஸ்பிரிங்கிலும் இதே படி வளையம் உண்டு. தோழியர் இக்கட்டுரையைத் தமக்கில்லை என்று புரட்டிவிட வேண்டாம்.

பொறியியல் கல்லூரியில் இதற்கென்று பாடம் இருக்கும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பட்டறை இருக்கும். நமக்கு இரண்டும் இல்லை. ஆனால் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. இயற்பியல் துறையில் அளவுகோல்கள் இருக்கின்றன. கல்லூரிக்கு எதிரிலேயே கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை முற்பகல் வேப்பமரத்தடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, தனியாளாகவும் இருவராகவும் இறக்கத்தை அளந்து, வளையத்தைக் கழுவி எண்ணெய் விட்டுத் திருப்பிக் காட்டி, செயின் தொய்வையும் பார்த்து, ஒவ்வொருவர் கையிலும் அவர் வண்டிக்கான ஒரு சீட்டை எழுதிக் கொடுத்தால் என்ன? பேராசிரியப் பெருமக்களின் வண்டிகளையும் கொண்டுவரலாம். அவற்றின் வளையங்களையும் நான் குனிந்து பார்த்திருக்கிறேன். நலப்பணித் திட்ட அலுவலர் இசைந்து, மாணவர் பேரவை நிதியிலிருந்து இரண்டு கொக்கி ஸ்பேனர் வாங்கித் தந்தால், அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமையே தொடங்கிவிடலாம். இஞ்சு டேப்பை நான் கொண்டுவருகிறேன்.